தளம் மாறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



அலுவலகக் கணிப்பொறிகளை விண்டோஸ் இயங்குதளத்திலிருந்து லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாற்றுவது நன்மையா, தீமையா என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். மாற்றியே தீர வேண்டும் என்று சொல்லும் நண்பர்களும், மாற்றினால் அலுவலகமே நின்றுவிடும் என்று அஞ்சும் நண்பர்களும் இந்த அவையில் இருக்கின்றனர். இரு தரப்பினர் சொல்வதிலும் உண்மை உண்டு. எந்த உண்மைக்கு எவ்வளவு எடை என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இந்த விவாதம் பழையது. எனினும் இப்போது அதற்கு ஓர் அவசரம் ஏற்பட்டுள்ளது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அலுவலகங்கள் கட்டணம் செலுத்திச் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், பெரும்பாலும் 2018-ஆம் ஆண்டையொட்டியோ அதற்குப் பின்னரோ வந்த செயலியும் தேவை. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொறிகள் பலவும் புதிய பதிப்பை ஏற்க முடியாதவை ஆகிவிட்டன. புதிய பொறி வாங்குவது, கட்டணம் செலுத்தி நாளைத் தள்ளுவது, அதே பொறியில் வேறு இயங்குதளத்தை நிறுவுவது என மூன்று வழிகள் அலுவலகத் தலைவர் முன் உள்ளன. மூன்றுக்கும் செலவு உண்டு. மூன்றும் பொதுமக்கள் பணம்.

இரயில் பாதையிலிருந்து ஒரு பாடம்

இயங்குதளம் என்பது பொறிக்கும் நாம் செய்யும் வேலைக்கும் இடையே உள்ள அடிப்படை நிரல். கடிதம் தட்டச்சு செய்யும் நிரலும், சம்பளப் பட்டியல் போடும் நிரலும் அதன் மீதே ஓடுகின்றன. இதை இரயில் பாதையின் அகலத்திற்கு ஒப்பிடலாம். நம் நாட்டில் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையும் நெடுங்காலம் அருகருகே இருந்து வந்தன. இரண்டும் சந்திக்கும் இடங்களில் சரக்கு முழுவதையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அதனால் நேரமும் கூலியும் வீணாயின, சரக்கும் சேதமுற்றது. இந்தத் தொல்லையைப் போக்கவே 1992-ல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கப்பட்டது.

கணிப்பொறியிலும் இதே நிலைதான். ஒரு தளத்தில் உருவான கோப்பு மறு தளத்தில் திறக்கும்போது வரிகள் இடம் மாறும், அட்டவணை குலையும், சில நேரங்களில் எழுத்தே மாறிவிடும். சரக்கை இறக்கி ஏற்றும் கூலி இங்கும் உண்டு. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. பாதையை அகலப்படுத்தும் காலத்தில் அந்தத் தடத்தில் வண்டிகளை நிறுத்தி வைக்கலாம். அலுவலகத்திற்கு அந்த வசதி இல்லை. காலை பத்து மணிக்குச் சாளரம் திறக்க வேண்டும். மனு வாங்க வேண்டும். சான்றிதழ் கொடுக்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதையை மாற்றுகின்ற வேலை இது.

நாடு கண்ட முதல் பெரும் மாற்றம்

கணிப்பொறித் தளம் மாறுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1960-களில் இந்தியாவில் பயன்பட்ட பெரிய கணிப்பொறிகளில் கணிசமானவை ஐ.பி.எம். நிறுவனத்துடையவை. அவற்றுள் 1401 என்னும் வகை பெயர் பெற்றது. பயன்படுத்துவோர் பொறிக்கு வாடகை செலுத்தி வந்தனர். பொறி நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்குரிமையைப் பொதுவாக 40 சதவீதத்திற்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. முழு உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பாத ஐ.பி.எம்., 1978-ல் இந்தியாவிலிருந்து வெளியேறியது.

பொறிகள் இங்கேயே இருந்தன. அவற்றைப் பராமரிப்போர் போய்விட்டனர். அந்த இடத்தை நிரப்பியது 1975-ல் மத்திய அரசு நிறுவியிருந்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம். பின்னாளில் சி.எம்.சி. என்ற பெயரில் அது புகழ்பெற்றது. ஒரே நிறுவனத்தின் பொறியை மட்டும் அறிந்திருந்த நிலை மாறி, பல நிறுவனங்களின் பொறிகளைப் பழுதுபார்க்கும் திறமை பெற்ற பொறியாளர் அணி ஒன்று நாட்டில் உருவாயிற்று. இழப்பாகத் தோன்றிய ஒன்று பயிற்சிக் களமாக மாறியது.

ஆயினும் எல்லாருக்கும் அந்த மாற்றம் எளிதாக அமைந்திருக்க இயலாது. கோபால், ஃபோர்ட்ரான் போன்ற பொது மொழிகளில் எழுதப்பட்ட நிரல்களை வேறு நிறுவனத்தின் பொறிக்குச் சிறு மாற்றங்களுடன் கொண்டுசெல்லலாம். குறிப்பிட்ட ஒரு பொறிக்கே உரிய மொழியில் எழுதப்பட்டவற்றைப் புதிதாகவே எழுத வேண்டும். எவ்வளவு இறுகப் பிணைத்துக்கொண்டோமோ, அவ்வளவுக்கு விடுபடும் செலவும் மிகுதி. இந்த உண்மை இன்றும் மாறவில்லை.

இரயில்வே முன்பதிவு முறை மற்றொரு பாடத்தைத் தருகிறது. சி.எம்.சி. உருவாக்கிய முன்பதிவு முறை 1985-ல் புதுதில்லியில் வாக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் தொடங்கியது. பின்னர் இரயில்வேத் தகவல் முறைகள் மையம் உருவாக்கிய ‘கான்சர்ட்’ முறையில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய மையங்கள் இணைக்கப்பட்டன. 1999-ல் நாடு முழுவதும் ஒரே வலைப்பின்னலாயிற்று. வாக்ஸ் பொறிகள் போய் ஆல்ஃபா பொறிகளும், அவை போய் இட்டானியம் பொறிகளும் வந்தன. வி.எம்.எஸ். என்ற இயங்குதளக் குடும்பம் மட்டும் மாறவில்லை. பயணச்சீட்டு வாங்க வரிசையில் நின்றவருக்குக் கீழே பொறி மாறியதே தெரியாது. ஒன்றை மாற்றும்போது மற்றொன்றை அசையாமல் வைத்துக்கொள்வதே நிர்வாகத் திறமை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைவது துணிச்சல் எனலாம், அது திட்டமாகாது.

மாற்றத்தை ஆதரிப்போர் கூறுவது

லினக்ஸின் கருவை 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்தின் நிரல்களுடன் சேர்ந்து அது முழு இயங்குதளமாக வளர்ந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். மாற்றத்தை ஆதரிப்போரின் வாதங்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, உரிமக் கட்டணம் இல்லை. இரண்டாவது, பழைய பொறிகளை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த முடிகிறது. பொறியின் ஆயுளை விற்பவரது அட்டவணைக்குப் பதிலாகப் பயன்படுத்துவோரின் தேவை தீர்மானிக்கிறது. மூன்றாவது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விருப்பத்தைச் சார்ந்திராமல் நம் நாட்டுப் பொறியாளர்களே அதைச் சீரமைக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. டெபியன் என்ற பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளில் பணியாற்றும் வசதிகளுடன் அது அமைக்கப்பட்டது. நான்காவது, மூலநிரல் மறைவாக இல்லாததால் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு.

மத்திய அரசின் கொள்கையும் இத்திசையிலேயே சென்றுள்ளது. மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கை 2010-லும், திறந்த மூலநிரல் மென்பொருளை ஏற்பது பற்றிய கொள்கை 2015-லும் வெளியிடப்பட்டன. இரண்டாவது கொள்கை திறந்த மூலநிரலுக்கு முன்னுரிமை தருகிறது. அதே சமயம், தக்க காரணம் காட்டி விலக்குப் பெறவும் அது இடமளிக்கிறது. முன்னுரிமை, விலக்கு ஆகிய இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.

நடைமுறையில் நம் கண்முன் நிற்பது கேரளப் பள்ளிகளின் அனுபவம். 2001-ல் அங்கே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் விண்டோஸைச் சார்ந்திருந்த கற்பித்தல், அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-ல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பு தயாரிக்கப்பட்டது. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் செய்முறைத் தேர்வும் அதனுடன் இசைந்தே அமைந்தன. இந்த இசைவே வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து. மற்றொரு காரணமும் உண்டு. பள்ளிக் கணிப்பொறிகளில் முப்பது ஆண்டுப் பதிவேடுகள் இருப்பதில்லை. கற்க வரும் மாணவர் புதிதாகத் தொடங்குகிறார். அவர் மறக்க வேண்டியது எதுவுமில்லை. அலுவலகங்களின் நிலைமை வேறு.

சேமிப்புக் கணக்கில் கவனம்

2019-ல் 2 லட்சம் பள்ளிக் கணிப்பொறிகளுக்கு லினக்ஸ் வழங்கப்படுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அந்நிறுவனத்தின் சார்பில் சொல்லப்பட்டது. மாணவ நண்பர்கள் இத்தகைய எண்களைப் பார்த்தவுடன் வகுத்துப் பார்க்கப் பழக வேண்டும். 3,000 கோடியை 2 லட்சத்தால் வகுத்தால் ஒரு பொறிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். இயங்குதளம் மட்டுமன்றி, அந்தப் பதிப்பில் அடங்கிய பல்வகை நிரல்களுக்கும் ஈடான வணிக நிரல்களை விலை கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகுமோ அந்தக் கணக்கு அது. அவ்வளவையும் எந்த அரசும் பள்ளிக்கூடத்திற்கு முழு விலையில் வாங்கியிருக்காது. வாங்காமல் போயிருப்பின் மாணவர்களுக்கு அவை கிடைத்தே இரா. ஆகவே இதைப் பெருவாரியான கல்விச் சாதனங்கள் மாணவர் கைக்கு எட்டின என்ற பொருளில் கொள்வது பொருத்தம். கருவூலத்தில் அவ்வளவு பணம் மிஞ்சியது என்று பொருள் கொள்வது பிழை. நல்ல திட்டத்திற்கு மிகைக் கணக்கு தேவையில்லை. மிகைக் கணக்கு பிற்காலத்தில் அத்திட்டத்திற்கே பகையாகும்.

இதே கண்டிப்பை மறுபக்கத்துக் கணக்கிலும் காட்ட வேண்டும். உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகாது. கற்பனையாக ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 40 ஊழியர்கள், 40 பொறிகள். புதிய முறைக்குப் பழகும் மூன்று மாதங்களில், அதாவது ஏறத்தாழ 65 வேலை நாட்களில், ஒவ்வொருவரும் நாளுக்கு அரை மணி நேரம் இழப்பதாகக் கொண்டால், மொத்தம் 1,300 மணி நேரம். ஒரு நாளுக்கு ஏழரை மணி நேரம் என்றால் இது 173 ஆள்-நாட்கள். இந்தச் செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பாக வராது. ஆனால் சாளரத்திற்கு வெளியே காத்திருக்கும் மக்கள் அதைச் செலுத்துகின்றனர்.

எனினும் ஒன்றைக் கருத வேண்டும். பழகும் செலவு ஒருமுறை மட்டுமே ஏற்படுவது. உரிமச் செலவும் கட்டாயப் பொறி மாற்றமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருபவை. அன்றியும், விண்டோஸின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குச் செல்லும்போதும் பழக வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை மட்டும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே ஓராண்டுக் கணக்குப் போட்டால் மாறாதிருப்பது மலிவாகத் தோன்றும். பத்தாண்டுக் கணக்குப் போட்டால் முடிவு வேறாகலாம். கோப்பில் குறிப்பு எழுதும் அலுவலர் எத்தனை ஆண்டுக்குக் கணக்கிட்டார் என்பதை முதல் வரியிலேயே தெரிவிப்பது நல்லது.

எதிர்ப்போர் கூறுவது

மாற்றத்தை எதிர்ப்போரைச் சோம்பேறிகள் என்றோ, பழைமைவாதிகள் என்றோ ஒதுக்குவது நியாயமாகாது. அவர்கள் சுட்டிக்காட்டும் தடைகள் உண்மையானவை. கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பயன்படும் நிரல் விண்டோஸில் மட்டும் ஓடக்கூடும். டிஜிட்டல் கையொப்பத்திற்கான சாதனம், விரல் ரேகைக் கருவி, பழைய ஸ்கேனர் ஆகியவற்றுக்கு வேண்டிய இணைப்பு நிரல் லினக்ஸுக்குக் கிடைக்காமல் போகலாம். விரிதாள்களில் ஊழியர்களே எழுதி வைத்த குறுநிரல்கள் வேறு நிரலில் சரிவர ஓடுவதில்லை. மேலிடத்திலிருந்து வரும் படிவம் ஒரு வடிவத்தில் இருக்க, கீழிருந்து அனுப்பும் பதில் வேறு வடிவத்தில் போனால், “திரும்ப அனுப்புக” என்ற குறிப்புடன் அது திரும்பி வரும்.

யாவற்றினும் மேலாக, பொறி நின்றுபோனால் யாரை அழைப்பது என்ற கேள்வி இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் விண்டோஸ் தெரிந்த பழுதுபார்ப்பவர் பத்துப் பேர் இருப்பர். லினக்ஸ் தெரிந்தவர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். 1978-ல் சி.எம்.சி. இல்லாமல் ஐ.பி.எம். மட்டும் போயிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பராமரிப்பு அணியை உருவாக்காமல் தளத்தை மாற்றுவது அதற்கு ஒப்பாகும்.

வெளிநாட்டு அனுபவத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியை இரு தரப்பினரும் மேற்கோள் காட்டுகின்றனர். 2003-ல் அந்நகர மன்றம் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. 2006-ல் தொடங்கிய பணி 2013-ல் முடிந்தது. ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. ஆனால் 2017-ல் அதே மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. 2020-ல் பொறுப்பேற்ற புதிய கூட்டணியோ இயன்ற இடங்களில் திறந்த மூலநிரலுக்கே முன்னுரிமை என்று உடன்பாடு கண்டது. பதினேழு ஆண்டுகளில் மூன்று முடிவுகள்! பதினைந்தாயிரம் பொறிகளை மாற்றுவது தொழில்நுட்ப அளவில் இயலும் என்பதை மியூனிக் மெய்ப்பித்தது. தலைமை மாறும்போதெல்லாம் கொள்கையும் மாறினால் எந்தத் தளமும் நிலைக்காது என்பதையும் அதுவே மெய்ப்பித்தது.

ஓர் அம்மையாரின் கோப்பு

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் ஓய்வூதியர்களின் பதிவுகளைத் தமிழில் கணிப்பொறியில் ஏற்றியிருந்தோம். அப்போது தமிழ் எழுத்துக்கு ஒரே சீரான குறியீடு நடைமுறைக்கு வரவில்லை. ஒவ்வொரு விற்பனையாளரின் எழுத்துருவும் ஒவ்வொரு வகை. நாங்கள் வாங்கிய தமிழ் நிரலுக்கு டாங்கிள் என்னும் சிறு கட்டை ஒன்று உண்டு. அச்சுப்பொறி இணைக்கும் துளையில் அதைச் செருகினால்தான் நிரல் திறக்கும்.

புதிய பொறிகள் வந்தன. அவற்றில் அந்தத் துளையே இல்லை. இயங்குதளமும் புதிய பதிப்பு. பழைய பொறிகள் ஏலத்தில் போய்விட்டன. தமிழ் நிரலை விற்றவர் தொழிலை விட்டுவிட்டார். கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே திரையில் தெரிந்தது.

அந்த வாரம் குடும்ப ஓய்வூதியம் கேட்டு வயதான அம்மையார் ஒருவர் வந்தார். கணவரின் பணிக்காலக் குறிப்பு கணிப்பொறியில் இருந்தது; ஆனால் எவராலும் படிக்க முடியவில்லை. எங்கள் எழுத்தர் ஒருவர் முன்யோசனையுடன் ஒவ்வோர் ஆண்டும் அச்செடுத்துக் கட்டி வைத்திருந்தார். அந்தக் காகிதக் கட்டைத் தேடி எடுத்து ஆணை பிறப்பிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அம்மையார் வாரந்தோறும் பேருந்தில் வந்து போனார். ஒருநாள் என்னிடம், “ஐயா, காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்குமோ?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கவனியுங்கள், அங்கே நாங்கள் விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கே மாறினோம். லினக்ஸ் பக்கம் போகவே இல்லை. தளம் மாறாமலே தரவு பறிபோயிற்று. காரணம், அந்தப் பதிவுகள் எந்தக் குறியீட்டில், எந்த வடிவத்தில், யாருடைய பூட்டுக்குள் இருக்கின்றன என்று தொடக்கத்தில் எவரும் கேட்கவில்லை. எந்த இயங்குதளம் என்ற கேள்வியைவிட இந்தக் கேள்விதான் முந்தியது. 2010 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு யூனிகோட் குறியீட்டை ஏற்று ஆணை பிறப்பித்தது. யூனிகோடில் எழுதிய தமிழை இன்று விண்டோஸ், லினக்ஸ், கைபேசி எதிலும் படிக்கலாம். அந்த ஆணைக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் எத்தனை அலுவலகங்களில் இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன என்பதை அலுவலக நண்பர்கள் தத்தம் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

எந்த வரிசையில் மாறுவது?

ஆகவே ‘மாறலாமா, கூடாதா?’ என்று ஒரே சொல்லில் விடை கேட்பதை விட்டு, ‘எதை முதலில் மாற்றுவது?’ என்று கேட்பதே பயன் தரும். என் அனுபவத்தில் பின்வரும் வரிசை உகந்தது.

முதற்படி, தரவு. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஆவணங்களை, 2006-ல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஓ.டி.எஃப். போன்ற திறந்த வடிவங்களில் சேமிக்கப் பழக வேண்டும். இதற்கு எந்தத் தளத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நாளை காலையே தொடங்கலாம்.

இரண்டாம் படி, அன்றாட நிரல்கள். லிபர் ஆஃபிஸ் போன்ற நிரல்கள் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். பழகிய தளத்திலேயே புதிய நிரலைப் பழக்கிவிட்டால், பின்னர் தளம் மாறும்போது ஊழியர் கண்ணுக்கு அதிக வேறுபாடு தெரியாது. முன்பதிவு முறை கற்பித்த பாடம் இதுவே.

மூன்றாம் படி, துறைக்கென்று எழுதப்படும் பணி நிரல்கள். புதிதாக எழுதுவிக்கும்போது எந்த உலாவியிலும் இயங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற ஒரே உலாவிக்கென்று எழுதப்பட்ட அரசுத் தளங்கள், 2022 ஜூனில் அந்த உலாவியின் காலம் முடிந்தபோது பெற்ற தொல்லையை நாம் மறந்துவிடலாகாது.

நான்காம் படியாகவே இயங்குதளம் வர வேண்டும். அதையும் ஒரு பிரிவில் தொடங்கி, ஆறு மாதம் கவனித்து, பின்பு விரிவாக்க வேண்டும். மாவட்டத்திற்கு இருவரையேனும் பராமரிப்பில் முழுப் பயிற்சி பெறச் செய்த பின்னரே இப்படியில் கால் வைக்கலாம். கடிதம், குறிப்பு, உலாவி ஆகியவற்றோடு வேலை முடிகின்ற மேசைகள் எளிதில் மாறும். தனிச் சாதனங்களும் தனி நிரல்களும் உள்ள சில மேசைகள் பழைய தளத்திலேயே இருக்கட்டும். நூற்றுக்கு நூறு என்ற பிடிவாதம் நல்ல திட்டங்களை முடமாக்கியிருக்கிறது.

இந்த வரிசையில் ஒரு நன்மை உண்டு. மூன்றாம் படியோடு ஓர் அலுவலகம் நின்றுவிட்டாலும் நட்டமில்லை. தரவு அதன் கையில் இருக்கும். நாளை எந்தத் தளத்திற்கும் போகலாம். விலை உயர்ந்தால் மறுக்கும் உரிமையும், ஆதரவு நின்றால் விலகும் வழியும் அதற்கு இருக்கும். 1978-ல் நாடு பட்டறிந்ததும் இதுதான்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நிரல் எழுதுவோராகவும் சிலர் அலுவலர்களாகவும் வருவீர்கள். எந்தத் தளத்தின் மீதும் பக்தி கொள்ளாதீர்கள். இரண்டிலும் பணியாற்றப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் நிரல், நீங்கள் இல்லாத காலத்திலும், இன்று விற்பனையில் இல்லாத பொறியிலும் படிக்கப்படக் கூடியதாக இருக்க வேண்டும். அலுவலராக நீங்கள் கையெழுத்திடும் கொள்முதல் ஆணையில், “ஒப்பந்தம் முடிந்த பின் நம் தரவை நாம் எவ்வாறு வெளியே எடுப்போம்?” என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடை இல்லையாயின் கோப்பைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அன்றாட அலுவலக வேலைக்கு லினக்ஸ் இன்று முற்றிலும் போதுமானது. படிப்படியாக அத்திசையில் செல்வதே நாட்டிற்கு நல்லது என்பேன். ஆனால் தரவைத் திறந்த வடிவத்தில் வைத்திருக்கும் விண்டோஸ் அலுவலகம் ஒன்றையும், பூட்டிய வடிவத்தில் வைத்திருக்கும் லினக்ஸ் அலுவலகம் ஒன்றையும் காட்டி எது மேல் என்று கேட்டால், முன்னதையே தயங்காமல் சொல்வேன்.

அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று சொல்வதென்றால், “அம்மா, காகிதத்திலும் வைத்திருக்கலாம், கணிப்பொறியிலும் வைத்திருக்கலாம். எவரும் திறக்கக்கூடிய பெட்டியில் வைக்காமல் போனது எங்கள் தவறு” என்று சொல்வேன். அடுத்த தலைமுறை அலுவலர்கள் அப்படியொரு பதிலைச் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே என் விருப்பம்.